ஜமுனாவின் வெற்றுக் கட்டங்கள்

வருகைப் பதிவில் கோளாறு என்றால் புகார் செய்ய எங்கள் கம்பெனியில் ஒரு படிவம் உண்டு. இரண்டு முறை பதிவானது, வெளியே போகும்போது பதியவில்லை, ஷிப்ட் மாறிப் பதிந்தது, முகம் தெரியவில்லை என்று வரிசையாகத் திரையில் வரும். ஒன்றைத் தொட வேண்டும். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஒருத்தி இல்லாமலே போகிறாள் என்பதற்கு அதில் இடம் கிடையாது. நான் 'மற்றவை' என்பதைத் தொட்டேன்.

என் பெயர் மங்கையர்க்கரசி. பெயரில்தான் அரசாட்சி. ஆளுவது ஒரகடத்தில் ஒரு வயர் ஹார்னஸ் தொழிற்சாலையின் வாசலில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியை. அதற்கு டைம் ஆபீஸ் என்று பெயர். காருக்குள் விளக்கிலிருந்து ஹாரன் வரை ஓடும் வயர்களைக் கற்றையாகக் கட்டி டேப் சுற்றுவதுதான் இங்கே வேலை. பெரிய பலகைகள் ராட்டினம் மாதிரி மெதுவாகச் சுற்றிவரும். பெண்கள் நின்றபடியே அவற்றில் வயரை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஒருத்தி இல்லையென்றால் அவள் இடத்தில் கற்றை அரைகுறையாக நிற்கும். மொத்த லைனும் நின்றுபோகும்.

அதற்காகத்தான் 'முன்கணக்கு' என்ற மென்பொருளை வாங்கினார்கள். அடுத்த மூன்று வாரத்துக்கு யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று அது முன்கூட்டியே சொல்லும். ஒருத்தி வியாழக்கிழமை வரமாட்டாள் என்று சொன்னால், கான்ட்ராக்டரிடம் சொல்லி வியாழனுக்கு மாற்று ஆளைப் போட்டுவிடுவார்கள். ஆரம்பத்தில் நல்லதாகத்தான் தெரிந்தது. தீட்டு நாள், கிருத்திகை, பள்ளிக்கூடக் கூட்டம், பஸ் வராத தெரு எல்லாம் அதற்கு அத்துப்படி. பிறகு ஒரு சிக்கல் வந்தது. வரமாட்டாள் என்று சொல்லப்பட்டவள் எதையாவது சமாளித்து வந்து நின்றுவிடுவாள். ஒரு இடத்துக்கு இரண்டு ஆள். கம்பெனிக்கு அது வீண் செலவு. அதனால் கதவையும் மென்பொருளோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். வரமாட்டாள் என்றால் வரமாட்டாள். வந்தாலும் கதவு திறக்காது. அன்றிலிருந்து முன்கணக்கு ஒருநாளும் பொய்யானதில்லை. வேலிக்கு ஓணான் சாட்சி.

லைனுக்கு மேலே ஒரு பெரிய திரை தொங்கும். பலகை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஒவ்வொருத்தி பெயருக்கும் எதிரே மூன்று வாரத்துக்கான கட்டங்கள் இருக்கும். வரப்போகும் நாள் வெள்ளை, வராத நாள் சிவப்பு. வந்து நின்றதும் அன்றைய கட்டம் பச்சையாகும். பெண்கள் அதை ஜோசியப் பலகை என்று கிண்டல் செய்வார்கள். ஏழுமலை செத்த பிறகு கிண்டல் நின்றுபோனது.

ஏழுமலை பிரஸ் பிரிவில் இருந்தவன். இயந்திரத்தில் விரல் நசுங்கி, அதை விபத்து என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் அவன் பெயருக்கு எதிரே கட்டங்களே இல்லாமல் போயின. சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, வெறும் வெளி. எந்தத் தேதியிலிருந்து கட்டம் இல்லையோ, அதே தேதியில் அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதற்கு மூன்றாம் நாள், சுங்குவார்சத்திரத்தில் வேறு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனவன், திரும்பும்போது லாரியில் அடிபட்டுச் செத்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் லைனில் இருந்தவர்கள் நடுவில் போன வேலையை மறந்துவிட்டார்கள். கட்டம் போச்சு, உசிர் போச்சு என்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

ஆடி மாதம் பிறந்த வாரத்தில் ஜமுனாவின் கட்டங்கள் காணாமல் போயின.

ஜமுனா உத்திரமேரூர்ப் பக்கத்துப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கைவேகம் உண்டு, வாய்வேகம் அதைவிட உண்டு. என் கண்ணாடிப் பெட்டியின் ஓட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, திங்கக்கெயமலருந்து எனக்கு ஒண்ணுமே காணோம். நான் சாவப்போறனா?"

"லூசு மாதிரி பேசாத. கம்ப்யூட்டர் கோளாறு."

"ஏயுமலைக்கும் கோளாறுதானக்கா?"

படிவத்தைத் திறந்து புகார் போட்டேன். போட்டுவிட்டேன் என்றதும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது. மற்றவர்களுக்கு வரவில்லை. கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. பெண்கள் நின்றுகொண்டு வருவார்கள், அதில் உட்காரமாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் ஊறுகாய் கேட்டவர்கள் கேட்பதை நிறுத்தினார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. பயம் வந்தால் நல்லவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள், அதுதான் எனக்கு ஆத்திரம்.

வீட்டில் இன்னும் மோசம். அவள் புருஷன் தணிகாசலம் கொத்தனார். ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் ஓடியிருக்கிறான். ஜோசியர் தீர்க்காயுசு என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவன், "ஜோசியர் தப்பா சொல்லுவாரு, கம்பெனி மிசினு தப்பா சொல்லுமா?" என்று அழுதானாம். மறுநாள் ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போய் அவளைத் தனியாக உட்கார வைத்துப் படம் எடுத்திருக்கிறான். எதற்கு என்று கேட்டதற்கு, நல்ல படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை என்றானாம்.

"எங்க மாமியா இருக்குதே," என்றாள் ஜமுனா. "கட்டிக்கினு வந்த நாள்லருந்து மொத தடவயா எனுக்கு மீன் தலய எடுத்து வச்சுதுக்கா. துன்னவே பயமா கீது."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

புகாருக்குப் பதிலாக மென்பொருள் கம்பெனியிலிருந்து பிரசன்னா என்ற இன்ஜினீயர் வந்தார். தாடியை அழகாகக் கத்தரித்திருந்தார். எல்லாருக்கும் மேடம், சார் போட்டுப் பேசினார். என் பெட்டிக்குள் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு முறையாகத்தான் பார்த்தார். கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா, ஒரே எண்ணில் இரண்டு பேர் இருக்கிறார்களா, முகப்படம் கெட்டுப்போயிருக்கிறதா, ஒப்பந்தம் முடிகிறதா. எல்லாம் சரியாக இருந்தது.

"எல்லாம் சரியா இருந்தா கட்டம் எங்க தம்பி?"

"அதான் பாத்துட்டு இருக்கேன் மேடம்."

மதியம் வரை பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தபடியே அசையாமல் உட்கார்ந்திருந்தார். கோளாறு கண்டுபிடித்த முகமாக அது இல்லை.

"மேடம், இந்தம்மா சமீபத்துல லைனை நிறுத்துற கயித்த இழுத்தாங்களா?"

இழுத்தாள். லைன் ஓரமாக ஒரு சிவப்புக் கயிறு ஓடும். வயர் தீர்ந்துபோனால், கனெக்டர் உடைந்தால், சுற்றும் பலகை சிக்கினால் அதை இழுக்கலாம். இழுத்தால் லைன் நிற்கும். என்ன காரணம் என்று அங்கேயே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கழிப்பறைக்குப் போக அதை இழுக்கக் கூடாது. அதற்கு ரிலீவர் என்று ஒருத்தி இருக்கிறாள். கையைத் தூக்கினால் அவள் வந்து நம் இடத்தில் நிற்பாள், நாம் போய்வரலாம். வருவாள் என்பது காகிதத்தில். இரண்டு லைனுக்கு ஒருத்தி. பியூலா என்ற பெண் மாசமாக இருந்தாள். ஒருநாள் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, யாரும் வராமல், நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். ஜமுனாதான் கயிற்றைப் பிடித்து இழுத்தவள். லைன் நின்றது. பியூலா ஓடினாள். சூப்பர்வைசர் கத்திக்கொண்டு வந்தபோது ஜமுனா காரணப் பொத்தான்களைப் பார்த்தாள். வயர், டேப், கனெக்டர், பலகை, மற்றவை. மனுஷி என்று ஒரு பொத்தான் இல்லை. மற்றவையை அழுத்தினாள்.

இதைச் சொன்னதும் பிரசன்னா தலையை ஆட்டினார்.

"அதுதான் மேடம். வேற ஒண்ணும் இல்ல."

"ஒரு தடவ கயிறு இழுத்ததுக்கா கட்டம் போச்சு?"

"இந்த சாப்ட்வேர் உங்க பிளான்ட்ல மட்டும் இல்ல. நெறைய பிளான்ட்ல ஓடுது. எல்லாத்தையும் சேத்துப் பாக்குது. 'மற்றவை' போட்டுக் கயிறு இழுத்தவங்க, அடிபட்டதை எழுதிக் குடுங்கன்னு கேட்டவங்க, புகார்க் கமிட்டிக்கு லெட்டர் போட்டவங்க... இவங்கள்ல யாருமே மூணு நாலு வாரத்துக்கு மேல வேலையில இருந்ததில்ல. அத அது கத்துக்கிச்சு."

"இருந்ததில்லன்னா? அவங்களா நின்னாங்களா?"

அவர் என்னை நேராகப் பார்க்கவில்லை. "நாம என்ன நெனச்சோம்னா மேடம், இது தொழிலாளிகளக் கவனிக்குதுன்னு நெனச்சோம். ஒருத்தர் நாளைக்கு உள்ள இருப்பாங்களான்னு சொல்லணும்னா, அவங்களுக்கு வர மனசு இருக்கான்றது பாதிதான். உள்ள விடுவாங்களான்றது மீதிப் பாதி. அது ரெண்டையும் கத்துக்கிச்சு. மேனேஜர்களையும் சேத்துதான் கவனிச்சிருக்கு."

எனக்கு அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

"அவளை வேலைய விட்டு எடுக்கணும்னு யாரும் இன்னும் சொல்லலியே தம்பி?"

"ஆமா. இன்னும் சொல்லல." மடிக்கணினியை மூடிவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு சொல்லட்டுமா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களும் புகார்ல 'மற்றவை'தான் போட்டிருக்கீங்க. அடுத்த தடவ வேற ஏதாவது போடுங்க."

எச்.ஆர். மேனேஜர் வித்யாதரன் சாரின் அறைக்கு இருவரும் போனோம். அவர் கத்துகிற ஆள் இல்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசுவார். பிரசன்னா என்னிடம் சொன்னதை அவரிடம் இன்னும் மரியாதையாகச் சொன்னார். கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது.

"என்னங்க இது? நான் அந்தம்மாவைப் பத்தி யோசிக்கக்கூட இல்லையே!"

"தெரியும் சார். நீங்க இன்னும் யோசிக்கல. அதுக்கு முன்னாடியே சொல்றதுதான் இதோட வேலை."

"நான் என்ன செய்வேன்னு ஒரு மெஷின் சொல்லுமா?"

"நீங்கன்னு இல்ல சார். உங்க இடத்துல இருக்குறவங்க வழக்கமா செய்யறது."

வித்யாதரன் சார் உண்மையாகவே புண்பட்டுப் போனார். எனக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. ரோஷம் வந்துவிட்டது, இந்த மனிதர் வேண்டுமென்றே அவளை வைத்துக்கொள்ளப் போகிறார், ஒரு இயந்திரத்தை ஜெயிப்பதற்காகவாவது வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் வழியாக லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, மெல்லிய குரலில் கேட்டார்:

"எந்தத் தேதியிலேருந்து போட்டிருக்கு?"

"திங்கள்கிழமை சார்."

"காரணம் என்ன போட்டிருக்கு?"

"காரணம் போடாது சார். தேதி மட்டும்தான்."

"சரி. காரணம் நாம போட்டுக்கலாம்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், நீங்க அவளை எடுக்கலன்னா கணக்கு தப்பாப் போகும். அவ்வளவுதானே? தப்பாப் போகட்டுமே. யார் குடி முழுகிப்போவுது?"

"என் குடிதான் அரசி," என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. "ஒவ்வொரு பிளான்ட்டும் முன்கணக்கோட எவ்வளவு ஒத்துப்போவுதுன்னு தலைமை ஆபீஸ்ல மார்க் போடறாங்க. போன தடவ நாமதான் முதல். அந்தம்மா திங்கட்கிழமை உள்ள இருந்தா, ஏன் இருக்காங்கன்னு நான்தான் விளக்கம் எழுதணும். இல்லன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

"அவ என்ன சார் தப்பு பண்ணா?"

"நான் தப்புன்னு சொல்லலியே. பாக்கப்போனா அந்தம்மா மேல எனக்கு மரியாதைதான்." பிறகு பிரசன்னா பக்கம் திரும்பினார். "இதுல கோளாறு என்னன்னா, கணக்கு இல்ல தம்பி. அது அவங்க கண்ணுல படுது பாருங்க, அதான் கோளாறு. வேலை நடக்க மாட்டேங்குது, பஸ்ல கலாட்டா. இதைச் சரி பண்ண முடியுமா?"

"முடியும் சார். தொழிலாளர் பாக்கற திரையையும் உங்க திரையையும் தனித்தனியாப் பிரிச்சிடலாம். அவங்களுக்கு வழக்கமான கட்டமே தெரியும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வித்யாதரன் சார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் புகாருக்கு 'தீர்க்கப்பட்டது' என்று பதில் வந்தது. திருப்தியா என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்கள் வந்தன. நான் எதையும் தொடவில்லை. பதில் வராவிட்டால் திருப்தி என்று அதுவே எடுத்துக்கொள்ளுமாம், மாலையில் எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலை பலகையில் ஜமுனாவின் பெயருக்கு எதிரே வெள்ளைக் கட்டங்கள் வரிசையாக நின்றன. லைனில் ஒரு குலவைச் சத்தம் கேட்டது என்றால் நம்புவீர்களா? கேட்டது. சூப்பர்வைசரே சிரித்தானாம். பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டுக்குப் போட்டி. ஞாயிற்றுக்கிழமை அவள் ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறாள், எல்லாரும் வர வேண்டும், அரசி அக்கா கட்டாயம் வர வேண்டும் என்று ஆள் மேல் ஆள் விட்டுச் சொன்னாள்.

நான் போனேன். லைனிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். தணிகாசலம் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். பியூலா வயிற்றைப் பிடித்தபடி வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து, கூழுக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஜமுனா மஞ்சள் புடவையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ போட்ட பெட்டிசன்தான்க்கா என்னக் காப்பாத்துச்சு."

வரும்போதே சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்லாமலே திரும்பிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் மறுநாள் கதவு சொல்வதைவிட இன்று நான் சொல்வது மேல். கோயிலுக்குப் பின்னால் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, மற்றவை, மேனேஜர், தேதி, திரையைப் பிரித்தது எல்லாம்.

அவள் முதலில் சிரித்துவிட்டாள்.

"அப்ப சாவு இல்லியே?"

"இல்லடி."

"வேலதான் போவுது."

"ஆமா."

"அம்மா தாயே," என்று அம்மன் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்கும்போதே முகம் மாறிவிட்டது. "சாவுன்னா எல்லாரும் எழவுக்காச்சும் வந்திருப்பாங்க. வேல போனா யாருக்கா வருவாங்க?"

நேராகப் பெண்களிடம் போனாள். என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். அழவில்லை. "எனக்குத் திங்கக்கெயம கதவு தொறக்கலன்னா, யாரும் லைன்ல நிக்கக் கூடாது. என்ன உள்ள விட்டாத்தான் வயரத் தொடணும். இன்னிக்கு எனக்கு வந்தது நாளைக்கு உங்களுக்கு வரும். இன்னா சொல்றீங்க?"

"நீ உள்ள வந்தியா இல்லியான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. போனை வாசலிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள்.

"நான் வந்து சொல்றேன்," என்றேன்.

"நீ வராதக்கா, உன் வேலயும் பூடும்," என்றாள் ஜமுனா. "பலகையே சொல்லும். வர்ற வாரத்துக் கட்டத்தத்தான மாத்தினாங்க. நான் உள்ள வந்தா பச்ச வரும். வரலன்னா வராது. பச்ச வரலன்னா யாரும் கை வைக்கக் கூடாது."

அதில் எனக்கும் சந்தேகம் வரவில்லை. அன்றன்றைய வருகை என்பது முன்கணக்கு வருவதற்கு முன்பிருந்தே, பதினைந்து வருடமாக நான் பார்க்கும் கணக்கு. வந்தால் பச்சை, வராவிட்டால் இல்லை. அதில் போய் யார் கை வைப்பார்கள்?

சூடம் ஏற்றினார்கள். ஒவ்வொருத்தியாக வந்து உள்ளங்கையால் அதை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். பியூலா சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பெண், சூடத்தைத் தொடவில்லை. ஜமுனாவின் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்து, "இது மேல சத்தியம்க்கா," என்றாள். நான் அன்று ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

திங்கட்கிழமை. பஸ்கள் வந்து நின்றன. பெண்கள் வரிசையாகக் கதவுக்கு முன்னால் முகத்தைக் காட்டி உள்ளே போனார்கள். ஜமுனா கடைசியாக வந்தாள், வேண்டுமென்றே. மற்றவர்கள் உள்ளே போய்ச் சேரட்டும் என்று. முகத்தைக் காட்டினாள். கதவு அசையவில்லை. மறுபடி காட்டினாள்.

என் மேஜையில் ஒரு பொத்தான் உண்டு. இயந்திரம் ஒருநாள் முகத்தை அடையாளம் காணாவிட்டால் கையால் திறப்பதற்கு. அழுத்தினேன். இந்தப் பெயரில் ஆள் இல்லை என்று திரையில் வந்தது. இன்னும் அழுத்தினேன். செக்யூரிட்டி ஒரு கவரைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். ஒழுங்கீனம் என்று காரணம் போட்டிருந்தார்கள். அவள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். கேட்டுக்கு வெளியே கல் மேல் உட்கார்ந்து, உள்ளே பார்த்துக் காத்திருந்தாள். என்னைப் பார்த்து, பொறு என்று கைகாட்டினாள்.

ஷிப்ட் தொடங்கும் சங்கு ஊதியது. லைன் நிற்கும் என்று காத்திருந்தேன். நின்றால் என் திரையில் சிவப்பு மின்னும். மின்னவில்லை. லைன் ஓடிக்கொண்டிருந்தது.

வேலை போனால் போகட்டும் என்று பெட்டியைப் பூட்டிவிட்டு உள்ளே ஓடினேன்.

லைனில் எல்லாரும் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஜமுனாவின் இடத்தில் கான்ட்ராக்டர் அனுப்பிய புதுப் பெண் தடுமாறிக்கொண்டு நின்றாள். நிமிர்ந்து பலகையைப் பார்த்தேன். ஜமுனாவின் பெயர் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் 'பேக்கிங் பிரிவு' என்று இருந்தது. அன்றைய கட்டம் பச்சை.

வழக்கமான கட்டமே தெரியும் என்று அந்த இன்ஜினீயர் பிள்ளை சொன்னாரே, அது இதையும் சேர்த்துத்தான். நாளையை மட்டும் இல்லை, இன்றையும் பூசி மெழுகிவிட்டார்கள்.

பியூலாவிடம் போனேன். "அவ வெளியில கல்லு மேல உக்காந்திருக்காடி. கதவு திறக்கல."

பியூலா நிமிரவில்லை. அவள் விரல்கள் டேப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தன. "பலகைல பச்ச இருக்கேக்கா. பேக்கிங்ல போட்டிருக்காங்க."

"பலகை பொய். நான் இப்பத்தான் அவளைக் கண்ணால பாத்துட்டு வரேன்."

"உள்ள விட்டாப் போதும்னுதானக்கா சத்தியம் பண்ணோம். பச்ச வந்திருக்குதே."

"ஏ பியூலா, என்னப் பாரு."

பார்த்தாள். ஒரு கணம்தான். அந்தக் கண்ணில் எல்லாம் இருந்தது. அவளுக்குத் தெரியும். நான் வந்து சொல்வதற்கு முன்னாலேயே தெரியும். பஸ்ஸில் ஒன்றாக வந்தவர்கள், வரிசையில் பின்னால் நின்றவள் உள்ளே வரவில்லை என்று தெரியாதா? பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தேன். ஒருத்திகூட என் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் பச்சைக் கட்டத்தைப் பார்த்துவிட்டு வயரைப் பார்த்தார்கள். பயந்தவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதை லைன் தலைக்கு மேலேயே மாட்டி வைத்திருந்தார்கள். எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவள் வயிற்றைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"போங்கக்கா," என்றாள் பியூலா, உதடு அசையாமல். "எனக்கு இந்த மாசமாச்சும் ரிலீவர் அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க."

திரும்பி நடந்தேன். சூப்பர்வைசர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான். கேட்டைத் தாண்டி வெளியே போனேன். ஜமுனா கல்லிலிருந்து எழுந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு லைன் ஓடுவது தெரிந்துவிட்டது.

"லைன்ல நின்னு வயரத் தொட்டுட்டாளுங்களா?"

"ம்."

கேட்டுக்கு உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "பலகைல என் பேருக்கு இன்னாக்கா காட்டுச்சு?"

"பச்ச. பேக்கிங்னு போட்டிருந்தாங்க."

அவள் பெருமூச்சு விட்டாள். முகத்தில் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரி இருந்தது. "அதான பாத்தேன். பச்சயப் பாத்து ஏமாந்துட்டாளுங்க பாவம். எங்கடா, சத்தியம் பண்ணிட்டு மாறிட்டாளுங்களோன்னு ஒரு நிமிசம் நெனச்சிட்டங்க்கா. அந்தப் புள்ள பியூலாவப் போயி..."

கவரை இடுப்பில் சரியாகச் செருகிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. ஏறுவதற்கு முன்னால் திரும்பி, "சாயங்காலம் அவளுங்க வெளிய வந்து நெசம் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவாளுங்க. பாத்துச் சொல்லுக்கா," என்றாள்.

சரி என்று தலையாட்டினேன்.

ஆட்டோ வாலாஜாபாத் ரோட்டில் திரும்பும்வரை நின்றிருந்தேன். பிறகு உள்ளே போவதற்காகக் கதவுக்கு முன்னால் முகத்தைக் காட்டினேன். அது திறந்தது. போய் என் கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்தேன். பியூலாவின் கண்ணில் நான் பார்த்ததை மட்டும் ஜமுனாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.